சேற்றுக்குச் சொந்தக்காரர் யார்?

ஓதம் வற்றும் நேரத்தில் மட்டாஞ்சேரி படகுத்துறைப் பக்கம் போனால் காயலின் அடிமடி தெரியும். கறுத்த, வழவழப்பான சேறு. வெயில் ஏற ஏற அழுகிய முட்டை வாடை கிளம்பும். மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் தெருவிலிருந்து இறங்கிவரும் சுற்றுலாப் பயணி மூக்கைப் பொத்திக்கொள்கிறார். உள்ளூர்க்காரர் கண்டுகொள்வதில்லை. அவருக்குச் சேறு பழகிப்போன ஒன்று.

பழகித்தான் ஆக வேண்டும். கொச்சியே சேற்றில் பிறந்த ஊர். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டுத் தெற்கே கொச்சியில் புதிய வாயைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1920இல் வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முகத்துவாரத்தில் கிடந்த மணல் திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். காயலின் அடியிலிருந்து வாரிய மண்ணைக் கொட்டி ஒரு தீவையே எழுப்பினார். அதுதான் இன்றைய வில்லிங்டன் தீவு. மட்டாஞ்சேரியின் கால்வாய்க்கு அக்கரையில், சேற்றை வாரிய பெருமைக்கு நினைவுச் சின்னம்போல அது நிற்கிறது.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அதே சேற்றின் மேல் கோபமும் உண்டு. கால்வாய் தூர்ந்துபோனதால் 2018க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்தப் பழைய துறைக்கு அரசுப் படகு வருவது நின்றது. எர்ணாகுளத்துக்குப் படகில் போய்வந்தவர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். மனுக்கள் போயின, தூர்வாரும் டெண்டர்கள் வந்தன. வாரிய சேறு மறுபடியும் வந்து நிரம்பியது. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ முனையம் திறக்கப்பட்டபோதுதான் மட்டாஞ்சேரி நிம்மதியாக மூச்சு விட்டது.

இத்தனை ஆண்டு அமளியில் எல்லோரும் கேட்ட கேள்வி, சேறு எவ்வளவு ஆழம், எப்போது வாருவார்கள் என்பதுதான். அதில் என்ன இருக்கிறது, வாரியதை எங்கே கொண்டுபோவார்கள் என்ற கேள்வி அபூர்வமாகவே எழுந்தது. படகு ஓடுவதற்காகத் தூர்வாருவது ஒரு வேலை. விஷம் கலந்த சேற்றைச் சுத்தம் செய்வது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலைக்கு அரசு இலாகாக்கள் உண்டு, பட்ஜெட் உண்டு. இரண்டாவது வேலைக்கு நீண்ட காலமாகப் பொறுப்பாளி என்று யாருமே இல்லை. கொச்சிக் காயலுக்கு அந்த இரண்டாவது வேலை ஏன் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆற்றின் போக்கை எதிர்த்துக் கொஞ்ச தூரம் மேலே போக வேண்டும்.

உத்யோகமண்டலின் மறுபக்கம்

தமிழக வாசகருக்குப் பெரியாறு என்றால் அணைதான் நினைவுக்கு வரும். 142 அடியா, 152 அடியா என்ற சண்டையும் தேனி மாவட்டத்து வயல்களும் நினைவுக்கு வரும். மேற்கே இறங்கும் அதே ஆறு, 244 கிலோமீட்டர் ஓடிவந்து கடைசிக் கட்டத்தில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆலுவாவில் அது இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை, ஏலூர் என்ற ஆற்றுத் தீவைத் தொட்டுக்கொண்டு வராப்புழை வழியே கொச்சிக் காயலில் விழுகிறது. கொச்சி நகரம் குடிக்கும் தண்ணீர் ஆலுவாவில் எடுக்கப்படுகிறது. அதற்குச் சற்றுக் கீழே, ஏலூரிலும் எதிர்க்கரை எடயாரிலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் உருவாயின.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் தவறு கண்டுபிடிப்பது கடினம். நிறைய நல்ல தண்ணீர், பள்ளிவாசல் மின்சாரம், பக்கத்திலேயே துறைமுகம். 1943இல் பதிவான ஃபாக்ட் உர நிறுவனம் 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1950களில் திருவிதாங்கூர்-கொச்சி கெமிக்கல்ஸ் காஸ்டிக் சோடா தயாரித்தது. கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலை 1952இல் வந்தது. 1958இல் ஹிந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் டி.டி.டி. தயாரிக்க ஆரம்பித்தது. 1967இல் எடயாரில் துத்தநாக உருக்காலை வந்தது. பஞ்சத்துக்கு உரம், மலேரியாவுக்கு டி.டி.டி. என்று நாடு கேட்டதை ஏலூர் தயாரித்துக் கொடுத்தது. இந்த இடத்துக்கு உத்யோகமண்டல் என்று பெயர் சூட்டியபோது அந்தக் காலத்தின் நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது.

கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு அன்று ஒரே பதில்தான்: ஆறு. ஆறு கடலுக்குப் போகும், கடல் எல்லாவற்றையும் கரைத்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. தண்ணீர் போய்விடும். சேறு போகாது.

களிமண்ணின் பிடிவாதம்

ஆற்றோடு வரும் நுண்ணிய களிமண் துகள்கள் கைநிறைய எடுத்தாலும் கனக்காதவை. ஆனால் அவற்றின் மேற்பரப்பைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பிடிக்குள் ஒரு மைதானமே அடங்கும். அந்தப் பரப்பில்தான் துத்தநாகம், காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் ஒட்டிக்கொள்கின்றன. டி.டி.டி. போன்ற ஆர்கனோகுளோரின் ரசாயனங்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. மக்கிய இலைதழையும் எண்ணெய்ப் பசையும் கலந்த சேற்றைக் கண்டால் அவை அதில் போய்ப் புகுந்துகொள்ளும். ஓடும் நீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று அறிக்கை வரலாம். அதற்கு ஒரு முழம் கீழே படுகையில் பல பத்தாண்டுகளின் கணக்கு அடுக்கடுக்காக எழுதப்பட்டிருக்கும்.

கழிமுகத்தில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஆற்றின் நன்னீர் கடலின் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் தனித்தனியே மிதந்துவந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிகின்றன. பால் திரிவதுபோல. கடல் கரைத்துவிடும் என்று அனுப்பியதைக் கடல் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. கொச்சிக் காயலின் படுகையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: துத்தநாகமும் காட்மியமும் மிக அதிகமாகப் படிந்திருப்பது பெரியாறு வந்து விழும் வடபகுதியில். தெற்கே வர வர அளவு குறைகிறது. மட்டாஞ்சேரி ஏலூர் அல்ல என்பது உண்மை. இரண்டுக்கும் நடுவே சுவர் ஏதும் இல்லை என்பதும் உண்மை. தினம் இரண்டு முறை ஏறி இறங்கும் ஓதத்தில் சேறு வடக்கும் தெற்குமாக நடந்துகொண்டேதான் இருக்கிறது.

படகுத்துறையில் மூக்கைத் துளைத்த அழுகிய முட்டை வாடைக்கும் இதில் பங்கு உண்டு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்ஃபேட்டிலிருந்து சல்ஃபைடு தயாரிக்கின்றன. நாறுவது அதுதான். உலோகங்கள் அந்த சல்ஃபைடோடு பிணைந்து கரையாமல் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே நாற்றமடிக்கும் சேறு ஒருவகையில் விஷத்துக்குப் பூட்டு. அதைக் கிளறிக் காற்றும் ஆக்சிஜனும் படும்படி செய்தால் பூட்டு திறந்துகொள்கிறது. பாதரசத்தின் கதை இன்னும் மோசம். அதே பாக்டீரியாக்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றிவிடும். அது புழுவுக்கும், புழுவைத் தின்னும் மீனுக்கும், மீனைத் தின்னும் மனிதருக்குமாகப் படிப்படியாகச் செறிவு கூடிக்கொண்டே ஏறும்.

கேரளத்து உணவில் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. காயல் படுகையிலேயே வாழும் கறுப்புக் கக்கா, அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் கரிமீன், இறால். சேற்றின் ருசி தட்டில் வந்து சேர நீண்ட பயணம் தேவையில்லை.

ஓர் ஓடையின் வரலாறு

ஏலூரின் கதையைச் சுருக்கிச் சொல்ல வேண்டுமானால் குழிக்கண்டம் தோட்டின் கதையைச் சொன்னால் போதும். மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. தொழிற்சாலைச் சுவர்களை ஒட்டிப் புறப்பட்டு, வீடுகளையும் சதுப்பு நிலங்களையும் கடந்து பெரியாற்றில் விழும் சிறிய ஓடை அது. பெரியவர்களின் நினைவில் அது வயலுக்குப் பாய்ந்த, குளித்த, மீன் பிடித்த ஓடை. பின்னாளில் பூச்சிமருந்து ஆலையின் கழிவு போகும் வழியாயிற்று.

1999இல் கிரீன்பீஸ் அமைப்பின் ஆய்வாளர்கள் இந்த ஓடையின் அடிச்சேற்றைச் சோதித்தார்கள். டி.டி.டி., அதன் சிதைவுப் பொருட்கள், எண்டோசல்ஃபான் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்கள் அதில் இருந்தன. அது எதிரும் புதிருமான வாதங்களைக் கிளப்பியது. 2004 ஜூலையில் எண்டோசல்ஃபான் பிரிவில் தீவிபத்து நடந்து சுற்றுவட்டாரத்து மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தபோது வாதம் வீதிக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து உதவி வந்தது. அபாயகரமான கழிவுகள் பற்றிய வழக்கில் 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு கண்காணிப்புக் கமிட்டியை அமைத்திருந்தது. 2004இல் அந்தக் கமிட்டி ஏலூருக்கு வந்து பார்த்தது. தொழிற்சாலைகளின் செலவில் மக்களுக்குக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்றது. உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் இடம்பெறும் பகுதிச் சுற்றுச்சூழல் கமிட்டி ஒன்றையும் ஏற்படுத்தியது. தொழிற்சாலைக்குள் நுழைந்து கேள்வி கேட்கும் உரிமை முதல்முறையாக, அந்தத் தொழிற்சாலையின் காற்றைச் சுவாசிப்பவர்களுக்குக் கிடைத்தது. பெரியாற்றுக்காகப் போராடிவந்தவர்களுக்கு அது பெரிய வெற்றி.

வெளியேறும் குழாய்கள் மீது கண் விழுந்தது. சில அடைக்கப்பட்டன, சில சுத்திகரிப்பு நிலையம் வழியே திருப்பிவிடப்பட்டன. காஸ்டிக் சோடா ஆலை பாதரசக் கலங்களைக் கைவிட்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடையோடு எண்டோசல்ஃபான் உற்பத்தி நின்றது. 2014இல் எடயார் துத்தநாக ஆலை உற்பத்தியை நிறுத்தியது. பூச்சிமருந்து ஆலையின் உத்யோகமண்டல் பிரிவும் பிறகு ஓய்ந்தது.

குழிக்கண்டம் தோட்டின் சேறு மட்டும் ஓயவில்லை. ஆய்வுகள் நடந்தன, சீரமைப்புக்குத் திட்ட அறிக்கைகள் எழுதப்பட்டன, கோப்புகள் வாரியத்துக்கும் தீர்ப்பாயத்துக்குமாகப் பயணம் செய்தன. ஓடை சுத்தமாகிவிட்டது என்று யாரும் கையெழுத்திட்டுச் சொல்லும் நாள் வரவில்லை.

பாதாளத்தில் நடந்தது

பழைய சேறு பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு 2024 மே மாதம் பதில் சொன்னது. மே 20ஆம் தேதி இரவு பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்க ஆரம்பித்தன. மறுநாள் ஏலூர், சேரானல்லூர், வராப்புழை, கடமக்குடி என்று கூண்டுகளில் மீன் வளர்த்தவர்களின் முதலீடு வெள்ளை வெளேரென்று மல்லாந்து கிடந்தது. கடன் வாங்கிக் கூண்டு போட்டவர்கள் செத்த மீன்களைக் கூடைகூடையாக அரசு அலுவலக வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

உப்புநீர் மேலேறாமல் தடுக்க ஆற்றின் குறுக்கே கட்டிய பாதாளம் தடுப்பணையின் மதகுகள் அதற்குச் சற்று முன்புதான் மழைநீர் வடியத் திறக்கப்பட்டிருந்தன. ஆக்சிஜன் குறைந்துபோனதால் மீன்கள் செத்தன என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. தொழிற்சாலைக் கழிவா, தேங்கிய சாக்கடையா என்று சர்ச்சை நீண்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. குற்றவாளி யாராக இருந்தாலும், மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரும் அதன் அடியில் ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டிருந்த அழுக்கும் ஒரே மூச்சில் கீழே இறங்கின என்பதில் சந்தேகமில்லை. ஆற்றுப் படுகை என்பது கடந்தகாலக் குப்பைத்தொட்டி மட்டுமல்ல, எப்போது வேண்டுமானாலும் திறக்கக்கூடிய மதகு என்று அந்த இரவு காட்டியது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

விஷச் சேற்றை என்ன செய்வது என்பதற்கு உலகம் இதுவரை கண்டுபிடித்த வழிகள் சிலதான். வாரியெடுத்துப் பாதுகாப்பான குழியில் புதைக்கலாம். சுத்தமான மணலும் களிமண்ணும் கொண்டு அங்கேயே மூடி போடலாம். தூளாக்கிய கரியைக் கலந்து விஷத்தை அங்கேயே கட்டிவைக்கலாம். புதிய வண்டல் வந்து தானாக மூடட்டும் என்று கண்காணித்துக்கொண்டு காத்திருக்கலாம். கடைசி வழி எல்லாவற்றையும்விட மலிவு என்பதால் நிர்வாகங்களுக்குப் பிடித்தமானது. 2018 வெள்ளத்தைப் பார்த்த பெரியாற்றில், படிந்தது படிந்தபடியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஜப்பானின் மினமாட்டா முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. சிஸோ நிறுவனத்தின் பாதரசக் கழிவால் மக்கள் கைகால் முடங்கி இறந்தது 1956இல் வெளியே வந்தது. 1977இல் விரிகுடாவைத் தூர்வார ஆரம்பித்து 1990இல் முடித்தார்கள். கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றையெல்லாம் கையாண்டார்கள். மிக மோசமான பகுதியைச் சுவர் கட்டி அடைத்தார்கள். மற்ற இடத்துச் சேற்றை உறிஞ்சி அதற்குள் கொட்டினார்கள். அதன் மேல் நல்ல மண்ணைப் பரப்பினார்கள். 58 ஹெக்டேர் புதிய நிலம் உருவாயிற்று. இன்று அது பூங்கா. சுமார் 4,850 கோடி யென் செலவாயிற்று. விரிகுடாவின் குறுக்கே மீன்கள் வெளியேறாமல் கட்டிய வலையை 1997இல்தான் அகற்றினார்கள்.

அமெரிக்காவின் ஹட்சன் ஆறு இன்னும் நிதானமான பாடம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1977 வரை முப்பது ஆண்டுகள் அதில் பி.சி.பி. என்ற ரசாயனத்தைக் கலந்துவிட்டது. 1984இல் ஆற்றின் 200 மைல் நீளம் அபாயகரமான கழிவிடமாக அறிவிக்கப்பட்டது. வாருவது நல்லதா, கிளறாமல் விடுவது நல்லதா என்று கால் நூற்றாண்டு வாதம் நடந்தது. 2009இல் தொடங்கி 2015 வரை சுமார் 21 லட்சம் கனமீட்டர் சேறு, நிறுவனத்தின் செலவில், வாரப்பட்டு ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகும் அந்த ஆற்று மீனைச் சாப்பிடுவது பற்றிய எச்சரிக்கை முற்றிலும் விலக்கப்படவில்லை.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது தொழில்நுட்பம் அல்ல. வாருவதற்கு முன்பே சேற்றை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வரைபடம் போட்டார்கள். எந்த அளவு வந்தால் சுத்தம் என்று எண்ணில் எழுதி வைத்தார்கள். பில்லை யாருக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானித்தார்கள்.

இந்த மூன்றும் நம் ஊரில் எவ்வளவு சிக்கலாகும் என்று அறியத் தமிழக வாசகர் வெகுதூரம் போக வேண்டாம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது 2001இல். பாதரசம் கலந்த கழிவில் 290 டன் 2003இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆலை நிலத்து மண்ணில் கிலோவுக்கு எவ்வளவு பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற வழக்கு அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 20 மில்லிகிராம் போதும் என்றது ஒரு தரப்பு. சோலைக்காடும் ஓடையும் இருக்கும் மலைச்சரிவுக்கு அது போதவே போதாது என்றது மறுதரப்பு. ஓர் எண்ணுக்குப் பின்னால் கோடிக்கணக்கான ரூபாயும் ஒரு காட்டின் எதிர்காலமும் இருந்தன.

ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே பிச்ரி கிராமத்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. ஹெச்-அமிலம் தயாரித்த ஆலைகளின் சகதியால் கிணறுகள் காபி நிறமாயின. மாசு செய்தவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் அதே கோட்பாட்டை நாட்டின் சட்டமாக அறிவித்ததும் அதே ஆண்டுதான். பிச்ரி ஆலை உரிமையாளர்கள் மனுவுக்கு மேல் மனுப் போட்டார்கள். 37 கோடிக்கு மேற்பட்ட ரூபாயை வட்டிக்கு வட்டியோடு செலுத்த 2011இல் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. கோட்பாடு உண்டு. வசூல்தான் தாமதம்.

புதிய விதிகள், பழைய சேறு

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் அறிவித்தது. நாடு முழுவதும் 103 இடங்கள் மாசடைந்தவை என்று அதற்கு முன்பே அடையாளம் காணப்பட்டிருந்தன. சீரமைப்பு தொடங்கியது ஏழே ஏழு இடங்களில். புதிய விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாட்களில் முதற்கட்டச் சோதனையை முடிக்க வேண்டும். மாசு உறுதியானால் இடத்தைப் பகிரங்கமாக அறிவித்து நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பொறுப்பாளியைக் கண்டுபிடித்து அவரிடம் செலவை வசூலிக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் பங்கிட்டு ஏற்கும்.

காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். ஏலூரைப் போன்ற ஓரிடத்தில் இதைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் முடிச்சுகள் தெரிகின்றன. ஓடையின் சேற்றில் கலந்திருப்பது ஒரு தொழிற்சாலையின் கழிவு மட்டுமல்ல. அறுபது ஆண்டுகளில் பலரும் விட்ட கழிவு, அடுக்கு மேல் அடுக்காக. அவர்களில் சிலர் கடையை மூடிவிட்டார்கள், சிலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள், சிலர் இன்னும் இயங்குகிறார்கள். இந்தக் கழிவுகளில் ஒரு பகுதி வெளியேறிய காலத்தில் அது சட்டவிரோதம்கூட இல்லை. 1974 தண்ணீர்ச் சட்டத்துக்கு முன் கழிவு நீருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது பொறுப்பாளிகளின் பட்டியல். டி.டி.டி. தயாரித்தது மத்திய அரசு நிறுவனம். உர ஆலையும் மோனசைட் ஆலையும் மத்திய அரசுடையவை. காஸ்டிக் சோடா ஆலை மாநில அரசுடையது. மாசு செய்தவர் செலவு ஏற்க வேண்டும் என்று அரசு விரலை நீட்டினால் அந்த விரல் பெருமளவுக்கு அரசையே காட்டும். ஒரு கையால் பில்லை நீட்டி மறு கையால் வாங்கிக்கொள்ளும் நிலையில், தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது எந்த இலாகாவுக்கும் சிரமமாக இருக்காது.

ஆனால் இதையே மாற்றியும் பார்க்கலாம். தனியார் முதலாளி ஓடிப்போனால் வழக்குப் போட்டுத் தேட வேண்டும். அரசு ஓடிப்போக முடியாது. நாட்டின் மாசடைந்த இடங்களிலேயே, செலவு யாருடையது என்ற தகராறுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத இடங்களில் ஒன்று ஏலூர். டி.டி.டி. தயாரித்தது நாட்டின் மலேரியா ஒழிப்புக்காக. அதன் கழிவைச் சுமந்தது ஓர் ஓடைக்கரையின் குடும்பங்கள். அந்தக் கணக்கை நாடு தீர்ப்பது தானம் அல்ல, கடன்.

காயல் கேட்பது

அது நடக்கும் வரை மட்டாஞ்சேரியைப் போன்ற கீழ்க்கரை ஊர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. கொச்சியில் தூர்வாருவது ஓயாத வேலை. துறைமுகத்தின் கப்பல் தடத்தை ஆண்டு முழுவதும் வாரி, கடலில் குறித்த இடத்தில் கொட்டுகிறார்கள். படகுத் தடங்களையும் வெள்ள நீர் வடியும் தோடுகளையும் மற்ற இலாகாக்கள் வாருகின்றன. வாரிய மண்ணுக்குக் கேரளத்தில் கிராக்கி வேறு. பள்ளமான மனையை நிரப்ப, தென்னைக்குப் போட, பாதை உயர்த்த என்று கேட்பவர்கள் உண்டு. எங்கோ ஓடையின் அடியில் கிடந்தது யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்துக்கு வந்துவிட இதுவே போதும்.

ஆகவே காயல் வட்டாரத்தில் ஒரு லாரிச் சேறு நகரும் முன்பும் அதன் சோதனை அறிக்கை மலையாளத்தில் எழுதி அந்த வார்டின் அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். துத்தநாகம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு, எங்கே போகிறது என்ற நான்கு வரி போதும். ஒரு டெண்டரின் மொத்தச் செலவில் இந்தச் சோதனைக்கு ஆவது சில்லறை. ஏலூரில் 2004இல் உள்ளூர் மக்களைக் கமிட்டியில் உட்கார வைத்தது பலன் தந்தது. அதே வழக்கம் காயலோரம் முழுவதும் வந்தால் சேற்றை வாருபவருக்கும் அதை வாங்குபவருக்கும் தாங்கள் எதைத் தொடுகிறோம் என்று தெரியும்.

வாட்டர் மெட்ரோவின் குளிரூட்டிய படகு இப்போது மட்டாஞ்சேரியில் வந்து நிற்கிறது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஓதம் வற்றும்போது அதே கறுத்த சேறு தெரிகிறது. படகின் வழிக்காக அதை நகர்த்தியாயிற்று. ஆற்றின் மேல்பக்கம் குழிக்கண்டம் தோட்டில் அதன் மூத்த உறவினர் அசையாமல் கிடக்கிறார், தன்னை யார் பெயரில் எழுதப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டு.